கிடா வெட்டினால் ஸ்கேன் கிடையாது

எனக்குக் கேன்சர் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் மலையில் சில ஊர்கள் சேர்ந்ததை நாடு என்போம். எங்கள் வளப்பூர் நாட்டில் பாதிப் பேர் எனக்கு அது வந்துவிட்டது என்று முடிவு கட்டி, பார்க்கும்போதெல்லாம் உச்சுக் கொட்டுகிறார்கள். மீதிப் பேர், உடம்புக்கு ஒன்றும் இல்லாமலே இவள் ஆஸ்பத்திரிக்குப் பஸ் ஏறிக்கொண்டிருக்கிறாள் என்கிறார்கள். நான் நிற்பது இரண்டுக்கும் நடுவில். அந்த நடு இடம் எப்படி இருக்கும் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். மிளகு பறித்துக் காயப் போட்டாயிற்று, நான் வேலை பார்க்கும் அங்கன்வாடிக்கு விடுமுறை, அடுத்த ஸ்கேனுக்கும் நாள் இருக்கிறது. இப்போது விட்டால் பிறகு எழுத மாட்டேன்.

என் கதையை என் அண்ணனிடமிருந்து தொடங்கினால்தான் சரியாக வரும். அவன் தேவனூர் நாட்டில், நாங்கள் பிறந்த வீட்டிலேயே இருந்து மரவள்ளியும் மிளகும் போட்டவன். அவன் கட்டிக்கொண்டது என் வகுப்புத் தோழி சரோஜாவை. அதனால் எனக்கு அவள் முறைக்குத்தான் அண்ணி, பேச்செல்லாம் வாடி போடிதான்.

அண்ணன் ஒரு சொட்டுக் குடித்ததில்லை. ஆனால் கல்லீரல் என்றால் எங்கள் பக்கம் சாராயம் என்றுதான் அர்த்தம். அவனுக்கு எப்போது பார்த்தாலும் அசதி, மாலையானால் கால் வீக்கம் என்று இருந்தது. மலையை விட்டு இறங்கிப் பெரிய ஆஸ்பத்திரியில் காட்டியபோது கல்லீரல் கெட்டிருக்கிறது என்றார்கள். அந்தச் செய்தி அவனுக்கு முந்தி ஊர் போய்ச் சேர்ந்தது. பக்கத்தில் இருந்து டம்ளரில் ஊற்றிக் கொடுத்தவர்கள் மாதிரி ஆளாளுக்குப் பேசினார்கள். அண்ணிக்கு அது பொறுக்கவில்லை. தண்ணீர்க் குழாயடிக்குப் போவதைக்கூட நிறுத்திவிட்டாள்.

ஆஸ்பத்திரியில் பார்த்த டாக்டரம்மா சொன்னது வேறு. அண்ணன் ரத்தத்தில் ஹெபடைட்டிஸ் பி என்ற கிருமி பல காலமாக இருக்கிறது. அது கல்லீரலை அரித்து அரித்துத் தழும்பாக்கிவிட்டது. அந்தத் தழும்புகளுக்கு நடுவில் ஒரு சின்ன முடிச்சு இருக்கிறது, அதில் செல்கள் உருமாறத் தொடங்கியிருக்கின்றன. இப்போது அது கேன்சர் இல்லை. ஆனால் தினமும் மாத்திரை சாப்பிட வேண்டும், மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்து ஸ்கேன் எடுக்க வேண்டும்.

எங்கள் சனத்தில் சில வீடுகளில் ஒரு வழக்கம் உண்டு. நோய்க்காகக் குலசாமிக்குக் கிடா நேர்ந்துவிட்டு, அதை வெட்டிக் கொடுத்துவிட்டால், அந்த நோய் அன்றோடு சாமியுடையது. நோயாளி தலைக்கு ஊற்றிக்கொண்டு புதுத்துணி கட்ட வேண்டும். அதன்பிறகு அந்த நோய்க்கு மருந்து சாப்பிடக் கூடாது, வைத்தியரைப் பார்க்கக் கூடாது, நோயின் பெயரை வாயால் சொல்லக் கூடாது. சொன்னால் சாமியை நம்பவில்லை என்று ஆகிவிடும், நோய் திரும்பி வந்துவிடும்.

கேன்சர் இல்லை என்று டாக்டரம்மா சொன்ன வாரமே அண்ணன் வீட்டில் கிடா வெட்டினார்கள். வந்தவர்கள் எல்லோரும் வயிறாரச் சாப்பிட்டோம். அண்ணன் புது வேட்டியில் சிரித்துக்கொண்டே பந்தி விசாரித்தான். எனக்கும் அன்றைக்கு அவ்வளவு சந்தோஷம். அதோடு மாத்திரை நின்றது. ஸ்கேனுக்கு அவன் போகவே இல்லை.

ஒரு வருஷத்துக்கு மேல் நன்றாகத்தான் இருந்தான். பிறகு வயிறு வீங்கியது. தூக்கிக்கொண்டு போனபோது அந்த முடிச்சு கல்லீரலில் பாதியை அடைத்துக்கொண்டிருந்தது. டாக்டரம்மா பழைய சீட்டைப் பார்த்துவிட்டு, "ஏன் வரவே இல்லை?" என்று கேட்டார்.

"சாமிக்குக் கொடுத்துட்டமுங்க," என்றான் அண்ணன்.

அவருக்கு அது புரியவில்லை. அடுத்த மழைக்கு முன்பே அண்ணன் போய்விட்டான். சாவு வீட்டிலும் குடிப் பேச்சு ஓடியது. அண்ணி சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள், அழவில்லை. கல் நெஞ்சுக்காரி என்று அதற்கும் ஒரு பேச்சு வந்தது.

கூடப் பிறந்தவர்களும் ரத்தம் பார்க்க வேண்டும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். அண்ணியையும் அவள் பிள்ளைகளையும் அங்கேயே சோதித்துவிட்டார்கள், அவர்களுக்கு இல்லை. எனக்கு இருந்தது. இதில் ஒரு கூத்து என்னவென்றால், குழந்தைகளுக்கு ஊசி போடும் நாளில் வீடு வீடாகப் போய்த் தாய்மாரைக் கூட்டி வருவது என் வேலை. பிறந்ததும் போடும் முதல் ஊசிகளில் ஒன்று இந்தக் கிருமிக்குத்தான். எத்தனையோ தாய்மாரிடம், "இது ஈரலுக்கு நல்லதுங்க, பயப்படாம போடுங்க" என்று சொல்லியிருக்கிறேன். அந்தக் கிருமி என்னுள்ளேயே குடியிருக்கும் என்று எனக்கு எப்படித் தெரியும்?

எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். அண்ணனுக்கும் எனக்கும் சேர்ந்து இருப்பதால், பிரசவத்தின்போது அம்மாவிடமிருந்து வந்திருக்கலாம் என்றார் டாக்டரம்மா. அம்மா நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோதே வயிறு வீங்கிச் செத்துப் போனாள். யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள் என்று சொல்லி, பக்கத்து வீட்டோடு பேச்சுவார்த்தையை முறித்துக்கொண்டார் அப்பா. அந்தப் பக்கத்து வீட்டுக்காரர்களை நினைத்து அன்றைக்கு எனக்கு வெட்கமாக இருந்தது.

என் மகனுக்கும் ரத்தம் பார்த்தார்கள். நாமக்கல்லில் படிக்கிறவன், ஒரே பிள்ளை. அவன் ரத்தச் சோதனை முடிவு வரும்வரை எனக்குச் சோறு இறங்கவில்லை. இல்லை என்று தெரிந்ததும் ஆஸ்பத்திரி நடையிலேயே வாய்விட்டு அழுதேன். எனக்கு இருக்கிறது என்று சொன்னபோதுகூட நான் அழவில்லை. பயல் அங்கேயே தடுப்பூசி போட்டுக்கொண்டு, "ஏம்மா மானத்தை வாங்கற?" என்று என்னைக் கடிந்துகொண்டான். சாயங்காலம் யாரிடம் கேட்டானோ, எனக்காகக் காரம் இல்லாத குழம்பு வாங்கிக்கொண்டு வந்து நின்றான்.

அப்புறம் சோதனைகள். அல்ட்ராசவுண்டில் கல்லீரல் கரடுமுரடாகத் தெரிந்தது, நடுவில் ஒரு முடிச்சு. சி.டி. ஸ்கேனுக்கு நரம்பில் மருந்து ஏற்றினார்கள். தொண்டையிலிருந்து அடிவயிறு வரை ஒரே சூடு பரவி, படுத்த இடத்திலேயே ஒன்றுக்குப் போய்விட்டோமோ என்று பயந்துவிட்டேன். எல்லோருக்கும் அப்படித்தான் இருக்கும் என்று அங்கிருந்த பெண் சிரித்தாள். முன்னாலேயே சொல்லியிருக்கலாம், மகராசி. ஒரு ஸ்கேனை மட்டும் வெளியில் எடுக்க வேண்டியிருந்தது. அதற்கு என் வீட்டுக்காரர் நன்றாகக் காயாத மிளகை வந்த விலைக்குத் தள்ளிவிட்டார். மற்றதெல்லாம் காப்பீட்டு அட்டையில் போனது.

காத்திருக்கும் கூடத்தில் நான் ஒருத்திதான் பெண் நோயாளி என்று சொல்லலாம். சீட்டுப் பதிகிற நர்ஸ் ஒவ்வொருவரிடமும், "குடிப்பீங்களா?" என்று கேட்டுக்கொண்டே வந்து, பழக்கதோஷத்தில் என்னிடமும் கேட்டுவிட்டாள். "டீ குடிப்பேங்க," என்றேன். பக்கத்தில் இருந்த ஆட்கள் சிரித்தார்கள். எனக்கு அண்ணன் ஞாபகம் வந்து, சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

கடைசியில் பயாப்சி. விலாவுக்கு நடுவில் மரத்துப்போக ஊசி போட்டு, நீள ஊசியால் அந்த முடிச்சிலிருந்து நூல் மாதிரி கொஞ்சம் சதை எடுத்தார்கள். பிறகு வலது பக்கமாகவே படுத்திருக்க வேண்டும், உள்ளே ரத்தம் கசிகிறதா என்று பார்த்துக்கொண்டே இருப்பார்கள். வீட்டுக்கு அனுப்பும்போது சில நாள் உடம்பு குலுங்கக் கூடாது என்றார்கள். எங்கள் மலை ரோட்டைப் பார்த்திராதவர்கள் எளிதாகச் சொல்லிவிடுவார்கள். எத்தனை வளைவு, ஒவ்வொன்றிலும் பஸ் எப்படித் தூக்கிப் போடும் என்று எனக்கல்லவா தெரியும்? அடிவாரத்தில் காளப்பநாயக்கன்பட்டியில் என் வீட்டுக்காரரின் சித்தி மகள் இருக்கிறாள். கட்டட வேலைக்குப் போகிற பெண், இருப்பது ஒரே அறை. கட்டிலை எனக்குக் கொடுத்துவிட்டுப் புருஷனும் பெண்டாட்டியும் வாசலில் படுத்துக்கொண்டார்கள். நான் கிளம்பும்வரை அவள் வேலைக்கே போகவில்லை. "உடம்பு சரியில்லீங்க, லீவு" என்று மேஸ்திரிக்கு அவள் போனில் பொய் சொன்னதை நானே கேட்டேன்.

முடிவு வந்தபோது டாக்டரம்மா என்னையும் என் வீட்டுக்காரரையும் உட்கார வைத்துப் பொறுமையாகச் சொன்னார். "அடிபட்ட கல்லீரல் தன்னைத் தானே சரி பண்ணிக்கப் பாக்கும்மா. அப்படிப் புதுசா வளர்ற எடத்துல முடிச்சு முடிச்சா வரும். உங்க முடிச்சுல செல்லெல்லாம் உருவம் மாறிட்டு வருது. இதுக்கு டிஸ்பிளாசியான்னு பேரு. கேன்சர் இல்லை. சிலருக்கு இப்படியே நின்னுடும். சிலருக்குக் கேன்சரா மாறிடும். உங்களுக்கு எப்படின்னு இப்பவே சொல்ல முடியாது. அதனாலதான் விடாம பாக்கணும்னு சொல்றேன்."

எனக்கு மிளகுக் கொடிதான் நினைவுக்கு வந்தது. மழைக்காலத்தில் இலை பச்சைப் பசேல் என்று இருக்கும், அடியில் மண்ணைத் தள்ளிப் பார்த்தால் தண்டு கறுத்திருக்கும். குனிந்து பார்க்கிறவன் தோட்டம்தான் பிழைக்கும். பஸ்ஸில் வழியெல்லாம் இதை என் வீட்டுக்காரரிடம் சொல்லிக்கொண்டே வந்தேன். அவர் வழியில் தெரிந்த ஒவ்வொரு கோயிலுக்கும் கும்பிடு போட்டுக்கொண்டே வந்தார். எனக்குச் சந்தேகம் தட்டியது.

"ஏனுங்க, கெடா வேண்டிக்கிட்டீங்களா?"

"சதை எடுக்க உன்னைய உள்ள கூட்டிட்டுப் போனாங்களே, அப்ப. வேற என்ன பண்றது புள்ள?"

எனக்கு வந்த கோபத்தில் பஸ்ஸென்றும் பார்க்காமல் கத்திவிட்டேன். அண்ணனைக் கொன்ற மாதிரி என்னையும் கொல்லப் பார்க்கிறீர்களா என்று கேட்டேன். அவர் முகம் செத்துப் போயிற்று. நேர்ந்துவிட்டுக் கொடுக்காமல் இருந்தால் அது ஒரு குற்றம். கொடுத்துவிட்டால் ஸ்கேன் கிடையாது. மலை ஏறி முடிக்கும்வரை அவர் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். ஊரில் இறங்கியதும் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "பூராத்தையும் குணமாக்கிக் குடுன்னுதான் வேண்டினேன். டாக்டரம்மா இன்னும் குணம்னு சொல்லலியே. சொல்ற வரைக்கும் கெடா கட்டுத்தறியில இருக்கட்டும்."

வக்கீலுக்குப் படித்திருக்க வேண்டிய மனுஷன். எனக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. கிடாக்குட்டி ஒன்றை வாங்கி வந்து கட்டினார். நான் தினமும் மாத்திரை சாப்பிட்டேன், சொன்ன தேதிக்கு ஸ்கேனுக்குப் போனேன். அடுத்தடுத்து எடுத்ததில் முடிச்சு அப்படியே இருந்தது. கிடாதான் வளர்ந்துகொண்டே போனது.

அதற்கடுத்த ஸ்கேனில் முடிச்சு பெரிதாகியிருந்தது. டாக்டரம்மா படத்தை விளக்குக்கு நேரே பிடித்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். செல்கள் இன்னும் அதிகமாக மாறியிருக்கலாம், இனி காத்திருக்க வேண்டாம், தோல் வழியாக ஊசியை விட்டு முடிச்சைச் சூட்டாலேயே பொசுக்கிவிடலாம் என்றார். அதற்கு ஒரு தேதியும் சொன்னார்.

இந்தச் செய்தி கேட்டு என் வீட்டுக்காரரின் அண்ணன் வந்தார். நான் அவரை மாமா என்பேன். அவரைக் குறைசொல்ல எனக்கு நாக்கு எழாது. நான் ஆஸ்பத்திரியில் கிடந்த நாளெல்லாம் என் தோட்டத்துக்குக் களை வெட்டியது அவர்தான்.

"சாமிக்கு நேர்ந்ததைக் கட்டிவெச்சு வளத்துனா வேற என்ன ஆகும், தம்பி? மொதல்ல அதைக் குடுத்துடு. எல்லாம் சரியாப் போயிரும்," என்றார் கண் கலங்க.

என் வீட்டுக்காரர் ஆடிப்போய்விட்டார். முடிச்சு பெரிதானது தன்னால்தான் என்று அவருக்குத் தோன்றிவிட்டது. சிகிச்சைத் தேதிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை கிடா வெட்டு என்று முடிவானது. நான் அழுது பார்த்தேன், சண்டை போட்டுப் பார்த்தேன். எல்லோரும் என்மேல் உள்ள பாசத்தால்தான் அதைச் செய்தார்கள், அதனால் யாரோடு மல்லுக்கு நிற்பது என்றே தெரியவில்லை. சாகப் பயமாக இருக்கிறது என்று அவரிடம் சொன்னேன். "எனக்கும்தான் புள்ள," என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் உறவெல்லாம் வந்துவிட்டது. அடுப்பு மூட்டியாயிற்று. தேவனூர் நாட்டிலிருந்து அண்ணியும் வந்தாள். அண்ணன் போனபிறகு அவள் எந்த விசேஷத்துக்கும் வந்ததில்லை. கிடாவுக்கு மஞ்சள் தண்ணீர் தெளிக்கும் நேரத்தில் அவள் எழுந்து மாமாவுக்கு முன்னால் போய் நின்றாள்.

"ஏனுங்க மாமா, எங்க ஊட்டுலயும் இப்படித்தான் வெட்டுனோம். நீங்களும்தான் வந்து சாப்பிட்டீங்க."

"அதை இப்ப எதுக்குக் கண்ணு..."

"அவருக்கு ஈரல்ல கட்டி இருந்துச்சுங்க. குடிச்சு வரல. வெட்டிக் குடுத்துட்டோம்னு ஒருத்தரும் ஆஸ்பத்திரிக்கு உடல. நானும் உடல. இவளையும் அப்படி உட்டுட்டு, அப்புறம் வந்து எழவு சாப்பாடு சாப்புடுவீங்களா?"

நோயின் பெயரை அத்தனை பேர் நடுவில் அவள் சொன்னதில், மஞ்சள் தண்ணீர்ச் சொம்பைப் பிடித்திருந்தவர் அதைக் கீழே வைத்துவிட்டார். மாமா தோளில் இருந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, கிடாவைக் கொண்டுபோய்க் கட்டச் சொன்னார். கறிச் சோற்றுக்கு வந்தவர்கள் கத்தரிக்காய்க் குழம்பு சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். இன்றுவரை அதைச் சொல்லிக் காட்டுகிறார்கள்.

சிகிச்சைக்கு என் வீட்டுக்காரரோடு அண்ணியும் வந்தாள். மயக்கம் கொடுத்துத்தான் செய்தார்கள், எனக்கு ஒன்றும் தெரியாது. விழித்தபோது வலது தோள்பட்டையில் வலித்தது. வயிற்றில் செய்ததற்குத் தோள் எதற்கு வலிக்கிறது என்று நான் கேட்டதற்கு, நரம்பு அப்படித்தான் கொண்டுபோய்ச் சொல்லும் என்றார் நர்ஸ். காய்ச்சல் இருந்தது. அண்ணி நெற்றியில் ஈரத்துணி போட்டுக்கொண்டே, பள்ளிக்கூடத்தில் நான் கணக்குப் பரீட்சைக்கு அவளைப் பார்த்து எழுதி மாட்டிக்கொண்டதைப் பக்கத்துக் கட்டில்காரியிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அங்கிருந்து கிளம்பும் நாளில் டாக்டரம்மா மூவரையும் கூப்பிட்டார். முடிச்சு முழுசாகப் பொசுங்கிவிட்டது என்றார். ஆனால் தழும்புக் கல்லீரலில் வேறு இடத்தில் இன்னொன்று கிளம்பலாம், அதனால் ஆயுசுக்கும் இந்த ஸ்கேன் உண்டு என்றார். என் வீட்டுக்காரர் கையெடுத்துக் கும்பிட்டார். எழுந்திருக்கும்போது அண்ணி கேட்டாள்.

"ஏனுங்க டாக்டரம்மா, இவ அண்ணனுக்கு மொதல்ல பாத்தப்ப இருந்ததும் இதேதானுங்களா?"

"ஆமாம்மா. இதைவிடச் சின்னதா இருந்துச்சு."

"அவரும் சொன்ன தேதிக்கு வந்திருந்தா, இப்படிச் சுட்டு எடுத்திருப்பீங்களா?"

டாக்டரம்மா கையில் இருந்த சீட்டை மடித்து வைத்தார். பதில் சொல்லாமலே இருந்துவிட மாட்டாரா என்று நான் வேண்டிக்கொண்டேன்.

"உறுதியாச் சொல்ல முடியாதும்மா. ஆனா பெரும்பாலும் எடுத்திருப்போம்," என்றார்.

"சரிங்க," என்றாள் அண்ணி.

வெளியே வந்தோம். என் வீட்டுக்காரர் மருந்து வாங்கப் போனார். அண்ணி நடந்துகொண்டே இருந்தவள், வாசல் படிக்கட்டில் அப்படியே உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு கதறினாள். சாவு வீட்டில் வராத அழுகை அது. போகிறவர் வருகிறவர் எல்லாம் நின்று பார்த்தார்கள். துடைப்பத்தோடு வந்த ஆயாம்மா ஒருவர் அவள் பக்கத்தில் குனிந்து, "யாரும்மா தவறிட்டாங்க? எப்ப?" என்று கேட்டார்.

"எம்பட ஊட்டுக்காரருங்க," என்றாள் அண்ணி. "இப்பத்தானுங்க."

ஆயாம்மா துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு அவளைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். நான் மாற்றிச் சொல்லவில்லை. விலாவைக் கையால் பிடித்துக்கொண்டு நானும் அந்தப் படியிலேயே உட்கார்ந்தேன்.